பில்லின் பின்பக்கம்

ததேயு,
டிஸ்பிளே மாற்றிவிட்டேன். முன்பக்கம் கணக்கு:
இரண்டாயிரத்து எண்ணூறு, பசைக்குக் காசு பிடிக்கவில்லை.
பின்பக்கம் நீ கேட்டது.

குகையை விட்டு வெளியே வந்ததும்
பாலத்தில் ஒற்றைக்கண்ணன் நிற்பான்.
மோதாதே.
மோதிவிட்டாய், தெரியும்,
பதினாலு தடவை செத்திருக்கிறாய்,
போனைத் திறந்ததும் அந்தக் கணக்குதான் முதலில் வந்தது.
பாலத்துக்குக் கீழே ஆற்றோரம் ஒரு வழி உண்டு,
பைய நடந்தால் அவன் திரும்பிப் பார்க்கமாட்டான்.
முதல் நாளே பெரியவனிடம் தோற்பது வீரமில்லை எல,
பேட்டரிக்குக் கேடு.

முதல் ஊரில் ஆளாளுக்கு ஏதாவது கேட்பார்கள்.
ஒருத்திக்கு ஆட்டைக் காணவில்லை,
ஒருத்தனுக்குத் தகப்பனின் வாள்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டு, எதற்கும் ஓடாதே.
கருங்கல் சந்தைக்கு வருகிறவன்
நாலு வீட்டுச் சோலியையும் போகிறபோக்கில் முடிப்பதுபோல.
ஆடு தானே எதிரே வரும்.

மணிக்கூண்டு கண்ணில் பட்டால் ஏறு.
ஏறினால்தான் வரைபடம் விரியும்.
அதுவரை எல்லாம் மூடுபனி,
குலசேகரம் ரப்பர்த் தோட்டத்து மார்கழி விடியல் மாதிரி:
பால் வெட்டுகிறவன் தெரியமாட்டான்,
அவன் நெற்றி விளக்கு மட்டும் மரம் மரமாய்ப் போகும்.

இனி உனக்கு மட்டும் ஒன்று.
கடலில் இறங்காதே.
சிரிக்காதே, கேட்டியா.
உனக்குத்தான் அலை தெரியும்,
திரையில் நிற்கிற பயலுக்குத் தெரியாது.
அவனுக்கு மூச்சு என்பது தலைக்குமேல் ஒரு பச்சைக்கோடு.
பதினெட்டு நொடி. இரும்புச்சட்டை போட்டிருந்தால் ஒன்பது.
இனையத்துக்காரன் இடுப்பளவு தண்ணீரில் முங்கிச் செத்தான் என்று
நான் யாரிடம் போய்ச் சொல்ல?

கிடைப்பதையெல்லாம் பொறுக்கு,
காளான், எலும்பு, உடைந்த அம்பு.
நீலக்கல்லை மட்டும் விற்காதே.
நான் ஏழையும் விற்று ஒரு குதிரை வாங்கினேன்.
மறுநாளே மலையிலிருந்து விழுந்தது.
பெயர்கூட வைத்திருந்தேன்.

இடம் தீர்ந்தது. இது இன்னொரு பில்,
டெம்பர் கிளாஸ் ஒன்று, விலை கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

காற்றின் சத்தம் மாறினால் டிராகன் வருகிறது.
எனக்கு அது பிடிபட மூன்று வாரம் ஆனது,
நீ முதல் தடவையே கேட்டுவிடுவாய்.

தீ எரிகிற இடத்தில் கொஞ்சம் உட்கார்.
உட்காராமல் எந்த வாசலுக்குள்ளும் நுழையாதே.
செத்தால் கடைசியாய் உட்கார்ந்த தீயிடம்
திரும்பக் கொண்டுவந்து விடும்,
உடம்பில் கீறலில்லாமல், பையில் எல்லாம் அப்படியே.
இந்த வரியை எழுதிவிட்டு
அடித்துவிடலாமா என்று யோசித்தேன்.
உன் வீட்டு முன்னறையில் மாலை போட்ட படம்
நினைவுக்கு வந்தது.
அடிக்கவில்லை. விளையாட்டில் அப்படித்தான்.

அவசரமே வேண்டாம்.
உலகத்தை அழிக்கப்போகிறேன் என்று அந்த அரக்கன்
நூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்,
தடைக்காலம் முடிகிறவரை பொறுக்கமாட்டானா?
நானே போன கிறிஸ்துமஸிலிருந்து
கடைசி வாசலுக்கு வெளியே நிற்கிறேன்.
உள்ளே போனால் முடிந்துவிடும்.
கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
தினமும் கால்மணி நேரம்
அந்த வாசலுக்கு எதிரே உள்ள குளத்தில்
மீன் பிடிக்கிறேன்.
பெரிதாய் ஒன்று வருகிறது, ஒவ்வொரு நாளும்,
ஒவ்வொரு நாளும் நூலை அறுத்துக்கொண்டு போகிறது.

தூண்டிலை எப்போது இழுக்க வேண்டும், ததேயு?
உடனேயா, அது கொஞ்சம் ஓடியபிறகா?
பணம் கொண்டுவரும்போது
அதை மட்டும் நீ எழுதிக்கொண்டு வா.

டிஸ்பிளேக்கு மூன்று மாதம் வாரண்டி.
உப்புத்தண்ணீர் பட்டால் கிடையாது.